ஒளியும் சாயமும்

உடலில் தோன்றிய கட்டி புற்றுநோய்தானா என்று அறிய, அதிலிருந்து சிறு துண்டு சதையை எடுத்துச் சோதனைச்சாலைக்கு அனுப்புகிறார்கள். அங்கே பெரும்பாலும் விடை கூறுவது சாதாரண மைக்ராஸ்கோப்பே. அடியிலிருந்து எழும் ஒளி திசுவை ஊடுருவி லென்சுகளை அடைகிறது. வெளிச்சமான அவ்வட்டத்தில், திசு ஒளியை எங்கே விழுங்குகிறதோ அங்கேதான் உருவம் தெரியும்.

ஒளி ஊடுருவ வேண்டுமாயின் திசு மெல்லியதாயிருத்தல் வேண்டும். ஆகவே அதை ஃபார்மலினில் ஊறவைத்து, நீரை அகற்றி, மெழுகில் பதித்து, நான்கைந்து மைக்ரான் கனத்திற்குச் சீவுகிறார்கள். ஆயிரம் மைக்ரான் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர். சீவியபின் வரும் சங்கடம் வேறு. அத்துணை மெல்லிய திசுவுக்கு நிறமே இராது! எத்தனை மடங்கு பெருக்கினாலும், நீருக்குள் கண்ணாடித் துண்டைத் தேடுவது போலத்தான்.

இங்கே துணைக்கு வந்தது சாயக்காரரின் தொழில். மத்திய அமெரிக்க மரமொன்றின் வைரக்கட்டையிலிருந்து கிடைப்பது ஹிமடாக்சிலின். துணியில் சாயம் பற்றுவதற்குப் படிகாரம் சேர்ப்பதை நேயர்கள் அறிவார்கள். 1865-ல் போமர் என்பவர் ஹிமடாக்சிலினுடனும் அதையே சேர்த்தார். இச்சாயம் உயிரணுவின் உட்கருவை நீலமாக்கும்; ஈயோசின் என்னும் செயற்கைச் சாயம் சுற்றுப்பகுதியை இளஞ்சிவப்பாக்கும். புற்றுநோய் அணுக்களின் உட்கரு பருத்தும், கருத்தும், வடிவம் குலைந்தும் இருப்பது அப்போதுதான் புலனாகிறது.

உருவம் தெளியாவிடில் பெருக்கத்தைக் கூட்டுவது புதிதாய்ப் பயில்வோர் வழக்கம். இதில் பெரும்பயன் இல்லை. ஏறத்தாழ ஒரு மைக்ரானில் ஐந்தில் ஒரு பங்கினும் நெருங்கிய இரு புள்ளிகளை இவ்வகை மைக்ராஸ்கோப் பிரித்துக் காட்டாது. இவ்வெல்லையின் காரணத்தை 1873-ல் எர்னஸ்ட் ஆபே விளக்கினார்: ஒளி அலையின் நீளமே அது.