உங்களுக்குத் தெரியுமா? பலம் 10 பவுண்டு, தடிமன் 2 பவுண்டு!

அமெரிக்க ஏரிகளில் பாஸ் மீன் பிடிப்பவர்கள் ரீலில் சுற்றும் 10 பவுண்டு பின்னல் நரம்பு, பல பிராண்டுகளில் 2 பவுண்டு தாங்கும் நைலான் நரம்பின் தடிமன்தான் இருக்கும். சுமார் 0.15 மில்லிமீட்டர்!

• அதனால் லேசான தூண்டில் கம்புக்குச் சிறிய ஸ்பின்னிங் ரீலே போதும். ரீலின் அளவு எண் 1000 முதல் 2500 வரை. 4000 மாட்டினால் அடிப்பக்கம் கனத்து மணிக்கட்டு வலிக்கும்.

• அந்த 2500 எடையும் அல்ல, நீளமும் அல்ல. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவுகோலும் கிடையாது. ஷிமானோவின் 2500-ம் பென்னின் 2500-ம் ஒரே உருவில் இருக்கும் என்று நம்பி வாங்கினால் ஏமாற்றம்தான்.

• பின்னல் நரம்பை வழுவழுப்பான ஸ்பூலில் நேரடியாகச் சுற்றக்கூடாது. மீன் இழுக்கும்போது மொத்தச் சுற்றும் அப்படியே வழுக்கும். நரம்பு வெளியேறுவதைக் கட்டுப்படுத்தும் டிராக்கை எவ்வளவு இறுக்கினாலும் பயனில்லை. முதலில் கொஞ்சம் நைலானைச் சுற்றி, அதன்மேல் இதைச் சுற்றுவார்கள்.

• தெளிந்த நீரில் பின்னல் நரம்பு பளிச்செனத் தெரியும். அதனால் முனையில் சில அடிக்கு, அவ்வளவாகத் தெரியாத ஃப்ளூரோகார்பன் நரம்பை முடிச்சிட்டு இணைப்பது வழக்கம்.

ரீல் வாங்கும் முன், கம்பில் கைப்பிடிக்கு மேலே அச்சிட்டிருக்கும் நரம்பு வரம்பைப் படித்துவிடுங்கள்.