கோஹோ சல்மன்: ஒரு தூண்டிலும் ஒரு சிறு செட்டையும்

உயர்தரம், உயிரியல் விஞ்ஞானப் பிரிவு

"சமன் டின்" என்று சொன்னால் நம் நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். கடைக்குப் போக நேரமில்லாத நாளில் வெங்காயமும் பச்சை மிளகாயும் போட்டு ஆக்கிவிடும் அவசரக் கறி அது. ஆனால் டின்னில் ஒட்டியிருக்கும் தாளை நிதானமாக வாசித்துப் பாருங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் மெக்கரல் எனும் வேறொரு மீன். 'சல்மன்' என்ற பெயர் மட்டும் எப்படியோ நம் சமையலறைக்கு வந்து 'சமன்' ஆகி நிலைத்துவிட்டது. உண்மையான சல்மன் நம்மைச் சூழ்ந்த வெப்பக் கடலில் வாழ்வதில்லை. அது வடபகுதிக் குளிர் கடல்களுக்கு உரியது.

வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் ஐந்து வகைச் சல்மன்கள் உள்ளன. அவற்றில் ஒன்று கோஹோ. வெள்ளியைப் போல மினுங்குவதால் வெள்ளிச் சல்மன் என்றும் அழைப்பார்கள். அலஸ்கா, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா, அமெரிக்காவின் வொஷிங்டன், ஒரேகன் ஆகிய பகுதிகளில் கோடை வந்துவிட்டால் சாதாரணக் குடும்பங்கள்கூடச் சிறு படகுகளில் இந்த மீனைத் தேடிக் கடலுக்குப் போகின்றன. அவர்கள் எப்படிப் பிடிக்கிறார்கள், பிடித்ததில் சிலவற்றை ஏன் திரும்பக் கடலிலேயே விடுகிறார்கள் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வருட வாழ்க்கை

கோஹோவின் கதை கடலில் ஆரம்பிப்பதில்லை. இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்தின் தொடக்கத்திலும் பெண் மீன் ஓர் ஓடையின் கூழாங்கற்களை வாலால் கிளறிக் குழி செய்து முட்டையிடுகிறது. இளவேனிலில் குஞ்சுகள் வெளிவருகின்றன. ஏறத்தாழ ஒரு வருடம் அந்த நன்னீரிலேயே வளர்ந்து, பிறகு கடலுக்கு இறங்குகின்றன. கடலில் வாழ்வது சுமார் 18 மாதங்கள்தான். அந்தக் குறுகிய காலத்தில் சிறு மீன்களையும் கணவாயையும் தின்று மிக வேகமாகப் பருக்கின்றன. கரைக்குத் திரும்பும்போது பல மீன்கள் 6 முதல் 12 இறாத்தல் வரை நிறை கொண்டிருக்கும்.

மூன்றாவது வயதில், பெரும்பாலானவை தாம் பிறந்த ஆற்றையே தேடி வருகின்றன. அதன் நீரின் மணத்தை நினைவில் வைத்தே அவை வழி கண்டுபிடிக்கின்றன என்று விஞ்ஞானிகள் விளக்குகின்றனர். முட்டையிட்டதும் இறந்துவிடுகின்றன. ஒரு கோஹோவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் சந்தர்ப்பம். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் இனி வரப்போகும் சட்டங்களெல்லாம் எளிதில் விளங்கும்.

ஓடும் படகில் தூண்டில்

கோஹோ பிடிக்கும் முறையை 'ட்ரோலிங்' என்பார்கள். நம் வடபகுதி மீனவர்களைப் பாதித்து, 2017இல் நம் நாட்டில் சட்டத்தால் தடைசெய்யப்பட்ட 'ட்ரோலிங்' எனும் இழுவைமடித் தொழிலோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தமிழில் எழுதும்போது இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஆங்கிலத்தில் இவை வெவ்வேறு சொற்கள். இழுவைமடி கடலடியையே வாரிக்கொண்டு வரும். இங்கு நாம் பேசுவதில் வலையே இல்லை. மெதுவாக ஓடும் படகின் பின்னால் ஓரிரு தூண்டில்களை இழுத்துச் செல்வது மட்டுமே.

படகு மணிக்கு 2 முதல் 4 கடல்மைல் வேகத்தில் போக வேண்டும். கோஹோ துடிப்பான மீன் என்பதால், அதன் உறவான சினூக் சல்மனுக்கு ஓட்டுவதைவிடச் சற்று வேகமாக ஓட்டுவார்கள். நேராக ஓட்டாமல் வளைந்து வளைந்து ஓட்டுவதும் ஓர் உத்தி. வளைவின் உட்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து தாழும், வெளிப்பக்கத் தூண்டில் வேகம் கூடி உயரும். மீன் எதற்கு வாய் வைக்கிறது என்பதைப் பார்த்து வேகத்தை மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்தது ஆழம். விடியற்காலையில் கோஹோ நீர்மட்டத்துக்கு அருகில் திரியும். வெயில் ஏற ஏறக் கீழே இறங்கும். தூண்டிலை வேண்டிய ஆழத்தில் நிறுத்த, 10 அல்லது 12 இறாத்தல் ஈயக் குண்டு ஒன்றைக் கம்பியில் கட்டி இறக்குகிறார்கள். தூண்டில் நூலை அந்தக் கம்பியில் ஒரு கவ்வியால் பிணைக்கிறார்கள். மீன் கடித்து இழுத்ததும் நூல் கவ்வியிலிருந்து விடுபட்டுவிடும். பிறகு மீனும் மனிதனும் மட்டும்தான், குண்டின் பாரம் இடையில் இல்லை.

இரையாக, தலையைச் சாய்வாக வெட்டிய ஹெரிங் மீன், பிளாஸ்டிக் கணவாய், மினுங்கும் உலோகத் தகடு போன்றவற்றைப் பயன்படுத்துவார்கள். சாய்வாக வெட்டிய ஹெரிங் நீரில் சுழன்று சுழன்று போவதால் காயப்பட்ட மீனைப்போலத் தோன்றும். அதற்கு முன்னால் சுழலும் பளபளப்பான பட்டை ஒன்றையும் கட்டுவதுண்டு. அதன் மினுக்கம் தூரத்தில் உள்ள மீனைக் கிட்ட அழைக்கும்.

மாட்டிய கோஹோ நீருக்கு மேலே துள்ளும், உடலை முறுக்கும், சில வேளை படகை நோக்கியே பாய்ந்து வரும். நூல் ஒரு கணம் தளர்ந்தாலும் தப்பிவிடும். காரணம், கொக்கியில் எதிர்முள் இல்லை. எதிர்முள் இல்லாத கொக்கியைத்தான் பாவிக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் பல பகுதிகளில் சட்டம். தப்புவதற்கு மீனுக்கு வாய்ப்புத் தரும் இந்தச் சட்டம் ஏன்?

விட்டுவிட வேண்டிய மீன்

அணைக்கட்டுகள், காடழிப்பு, அளவு மீறிய மீன்பிடி, நகர வளர்ச்சி ஆகியவற்றால் இயற்கையாகப் பிறக்கும் கோஹோ வெகுவாகக் குறைந்துவிட்டது. மத்திய கலிபோர்னியக் கரையின் கோஹோ 2005 முதல் அழியும் ஆபத்திலுள்ள இனமாக அமெரிக்கச் சட்டத்தில் பட்டியலிடப்பட்டுள்ளது. இழப்பை ஈடுசெய்யக் குஞ்சு பொரிக்கும் நிலையங்களில் கோடிக்கணக்கான சல்மன் குஞ்சுகளை வளர்த்து விடுகிறார்கள்.

சல்மனின் முதுகில், வாலுக்குச் சற்று முன்னால், விரல் நுனியளவு சதைப்பற்றான கொழுப்புச் செட்டை ஒன்று இருக்கும். நிலையத்தில் வளர்க்கும் குஞ்சுகளை விடுவிக்கும் முன் பெரும்பாலானவற்றில் இந்தச் செட்டையை வெட்டிவிடுவார்கள். ஆகவே படகில் இருப்பவர் முதலில் பார்ப்பது மீனின் பருமனை அல்ல, அந்தச் சிறு செட்டையைத்தான். அது இல்லையென்றால் வளர்ப்பு மீன், எடுத்துக்கொள்ளலாம். இருந்தால், பல இடங்களில் விட்டுவிடவே வேண்டும். வொஷிங்டன் கடற்பரப்பில் அப்படிப்பட்ட மீனைப் படகுக்குள் ஏற்றுவதே குற்றம். நீரில் இருக்கும்போதே கொக்கியைக் கழற்ற வேண்டும். உலர்ந்த கையால் தொட்டால் அதன் உடலைக் காக்கும் வழுவழுப்பான படலம் உரிந்து நோய் தொற்றும். இவ்வளவு கவனித்தாலும், விடப்பட்ட மீன்களில் ஒரு பகுதி இறந்துவிடும். மீன்பிடி ஒதுக்கீட்டைத் தீர்மானிப்பவர்கள் அந்த இழப்பையும் கணக்கில் சேர்க்கிறார்கள். ஒதுக்கீடு முடிந்தால் பருவம் நடுவில் இருந்தாலும் மீன்பிடி நிறுத்தப்படும்.

இன்னோர் உரிமையும் இங்கு உண்டு. அந்த நிலத்தின் பழங்குடியினர் 1850களில் தம் நிலத்தைக் கையளித்தபோது, வழமையான இடங்களில் மீன்பிடிக்கும் உரிமையை ஒப்பந்தங்களில் காத்துக்கொண்டனர். நெடுங்காலம் அது மதிக்கப்படவில்லை. 1974இல் நீதிபதி ஜோர்ஜ் போல்ட், பிடிக்கக்கூடிய மீனில் பாதிப் பங்கு அவர்களுக்குரியது என்று தீர்ப்பளித்தார். இன்று வொஷிங்டனில் மாநில அரசும் பழங்குடியினரும் ஒன்றாக அமர்ந்தே ஒவ்வொரு வருடத்தின் அளவையும் முடிவு செய்கிறார்கள்.

மழையோடு வந்த நஞ்சு

தூண்டில்காரர் விட்டுவிட்ட மீன் தப்பிவிட்டதா? சியாட்டில் நகர ஓடைகளில் ஒரு மர்மம் நீண்ட காலமாக இருந்தது. மழை பெய்தால் போதும், கடலிலிருந்து முட்டையிட வந்த கோஹோக்கள் நிலை தடுமாறி, வாயைப் பிளந்து, சில மணி நேரத்தில் செத்து மிதந்தன. சில ஓடைகளில் வந்த மீன்களில் 40 முதல் 90 வீதம் வரை இப்படி இறந்தன. பெண் மீன்களின் வயிற்றில் முட்டைகள் அப்படியே இருந்தன.

2020 டிசம்பரில் விடை வெளியானது. வாகன டயர் வெடிக்காமலும் உக்காமலும் இருக்க '6பிபிடி' என்ற இரசாயனத்தைச் சேர்க்கிறார்கள். அது காற்றிலுள்ள ஓசோனோடு தாக்கமுற்று '6பிபிடி குயினோன்' ஆக மாறுகிறது. தேய்ந்த டயர்த் தூளோடு வீதியில் கிடக்கும் இது மழைநீரில் கழுவப்பட்டு ஓடையில் சேர்கிறது. வொஷிங்டன் ஆய்வாளர்கள் டயரிலிருந்து கசியும் 2,000க்கும் மேற்பட்ட இரசாயனங்களை ஒவ்வொன்றாக விலக்கி இந்த ஒன்றைக் கண்டுபிடித்தனர். அதே ஓடைக்கு வரும் சம் எனும் மற்றொரு சல்மன் இதனால் சாவதில்லை. கோஹோவோ தாங்காது.

இதில் நான் அதிகம் யோசித்தது ஒரு விடயத்தைத்தான். தூண்டில்காரர் மீனைக் கண்ணால் பார்க்கிறார், செட்டையைத் தேடுகிறார், சட்டத்துக்குக் கட்டுப்படுகிறார். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் திரும்பும் வாகனக்காரருக்கோ தாம் ஒரு மீனுக்குத் தீங்கு செய்வதாகத் தெரியவே தெரியாது. அவர் கெட்டவரும் அல்ல. தெரிந்து செய்யும் தீங்குக்குச் சட்டம் போடலாம். தெரியாமல் செய்யும் தீங்கை முதலில் யாராவது தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். விஞ்ஞானம் படிப்பதன் பயன் இதுவென்று எனக்குத் தோன்றுகிறது.

வழியும் இல்லாமலில்லை. வீதியில் ஓடும் மழைநீரை மணலும் இலைமக்கும் கலந்த மண்ணினூடாக வடியவிட்டால் கோஹோ சாவதில்லை என்று பரிசோதனைகள் காட்டியுள்ளன. அதனால் வீதியோரங்களில் அத்தகைய மழைத் தோட்டங்களை அமைத்து வருகிறார்கள். டயரில் சேர்க்க மாற்று இரசாயனத்தையும் தேடுகிறார்கள். ஓகஸ்டில் ஒருவர் நீரிலேயே கொக்கியைக் கழற்றி விட்ட மீன், நவம்பர் மழையில் தன் ஓடைக்கு வரும். அந்த ஓடையின் நீர் அன்று எப்படி இருக்கிறது என்பதைப் பொறுத்தே மூன்று வருடம் கழித்துக் கடலுக்குப் போகும் படகுகளுக்கும் மீன் இருக்கும்.