மூளைத் தமனிப் புடைப்பின் வடிவமும் இரத்த உறைவும்

மூளைக்கு இரத்தம் கொண்டு செல்லும் தமனியின் சுவர் ஓரிடத்தில் வலுவிழந்து வெளிப்புறமாகப் பிதுங்குவதே தமனிப் புடைப்பு (அனியூரிசம்) ஆகும். இது புற்றுநோய்க் கட்டி அன்று. உங்கள் ஸ்கேன் அறிக்கையில் புடைப்பின் அளவுடன் 'கழுத்து' என்னும் சொல்லும் இடம்பெற்றிருக்கலாம். புடைப்பு தமனியுடன் இணையும் வாய்ப்பகுதியையே அச்சொல் குறிக்கிறது.

கழுத்து அகன்று, பை ஆழமின்றி இருந்தால் இரத்தம் எளிதாக உட்புகுந்து வெளியேறும். கழுத்து குறுகி, பை ஆழமாக இருந்தால், உட்சென்ற இரத்தம் அடிப்பகுதியில் மெதுவாகச் சுழன்று தேங்கும். தேங்கிய இரத்தம் உறையக்கூடும். 25 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பெரும் புடைப்புகளில் சுவரை ஒட்டி உறைவு அடுக்கடுக்காகப் படிவதுண்டு.

உறைந்துவிட்டால் இனி அச்சமில்லை எனச் சிலர் எண்ணுகின்றனர். அது சரியன்று. ஒரு பகுதி மட்டும் உறைந்த புடைப்பு மேலும் வளரலாம், வெடிக்கவும் கூடும். உறைவின் துணுக்கு பிரிந்து சென்று வேறொரு கிளையை அடைத்தால் பக்கவாதம் ஏற்படும். மேலும், ஆஞ்சியோகிராம் இரத்தம் ஓடும் பகுதியை மட்டுமே காட்டுவதால், புடைப்பு அதன் மெய்யான அளவைவிடச் சிறிதாகத் தோன்றலாம். அதனால்தான் மருத்துவர் எம்.ஆர்.ஐ. பரிசோதனையும் கேட்கிறார்.

இரத்தக்குழாய் வழியாகச் செய்யப்படும் சிகிச்சையோ இதே உறைவை வேண்டுமென்றே உண்டாக்குகிறது. குறுகிய கழுத்துடைய பையில் மெல்லிய பிளாட்டினச் சுருள்களை நிரப்பினால் அவை உள்ளேயே தங்கும். இரத்தம் அவற்றைச் சுற்றி உறையும். அகன்ற கழுத்து எனில் சுருள் தமனிக்குள் நழுவக்கூடும். அத்தகையோருக்கு ஸ்டென்ட் அல்லது நெருக்கமாகப் பின்னிய வலைக்குழாய் தமனிக்குள் பொருத்தப்படலாம். வலைக்குழாய் பொருத்திய பின் பை முழுமையாக அடைபடப் பல மாதங்கள் ஆகலாம்.

அந்த மாதங்களில்தான் கவனம் தேவை. உறைவு பையினுள் உண்டாக வேண்டும். உலோக வலையின் மீது உண்டாகக் கூடாது. அதற்காகவே ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற மாத்திரைகள் தரப்படுகின்றன. தலைவலி இல்லை என்றோ, பல் பிடுங்க வேண்டும் என்றோ அவற்றை நீங்களாக நிறுத்தாதீர்கள். சிகிச்சை அளித்த மருத்துவரைக் கேட்ட பின்னரே எதையும் மாற்றுங்கள். மாத்திரை தீர்வதற்குச் சில நாட்கள் முன்னரே வாங்கி வைப்பது பராமரிப்பவரின் பொறுப்பாக இருக்கட்டும்.

இதுவரை அறிந்திராத கடும் தலைவலி திடீரெனத் தோன்றினாலோ, வாந்தியுடன் கழுத்து விறைத்தாலோ, ஒரு கண்ணிமை தொங்கினாலோ, முகம் கோணினாலோ, கை கால் செயலிழந்தாலோ, பேச்சுக் குழறினாலோ தாமதியாமல் 108-ஐ அழையுங்கள். உட்கொள்ளும் மாத்திரைகளின் அட்டையை உடன் எடுத்துச் செல்லுங்கள்.