வைப்பரின் செவுள்கள்

டாட்ஜ் வைப்பர் ஏசிஆர் காரின் முன்சக்கரங்களுக்கு நேர் மேலே, பானெட்டில், மீனின் செவுள்போல வரிவரியாகச் சாய்ந்த தகடுகள் இருக்கும். லூவர் என்பார்கள். 2016 மாடலில் ‘எக்ஸ்ட்ரீம் ஏரோ’ பேக்கேஜோடு வாங்கியவர்கள் ரேஸ் டிராக்கில் இவற்றைக் கழற்றிவிட்டு ஓட்டலாம். கம்பெனியே அதற்குத் தோதாகத்தான் செய்து கொடுத்தது.

“லட்சம் டாலருக்கு மேல கொடுத்து வாங்கிட்டு, ஓட்டையோட எதுக்குங்க ஓட்டணும்?” என்று என் மனைவி கேட்டாள். பக்கத்து வீட்டு அமெரிக்கரின் வைப்பரைப் பார்த்துத்தான். கார்மேல் காற்று எப்படிப் போகிறது என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் இங்கே டெட்ராய்ட் பக்கம் என் பிழைப்பு. பதில் சொல்லாமல் தப்ப முடியுமா?

வேகமாகச் சுழலும் டயர், காற்றை அள்ளிச் சக்கரக் கூட்டுக்குள் திணிக்கிறது. வெளியேற வழியில்லாமல் அங்கே அழுத்தம் ஏறுகிறது. மேலே பானெட்டின் வளைவில் காற்று விரைந்து ஓடுவதால் அழுத்தம் குறைவு. கீழே தள்ளல், மேலே இழுப்பு: இரண்டும் சேர்ந்து காரின் மூக்கைத் தூக்கப் பார்க்கும். மூக்கு லேசானால் ஸ்டியரிங் பேச்சைக் கேட்காது. டயருக்கு மேலே திறந்துவிட்டால் அடைபட்ட காற்று வெளியேறிவிடும். லூவர் இருந்தாலும் வெளியேறும்தான். ஆனால் தகடுகள் கொஞ்சம் இடத்தை அடைத்துக்கொள்கின்றன. எடுத்துவிட்டால் வாசல் முழுதாகத் திறக்கிறது.

அப்படியானால் எதற்கு மாட்டினார்கள்? சாலைக்காக. மழைத்தண்ணீரும் சேறும் பொடிக்கல்லும் டயரிலிருந்து மேலே தெறித்து முன்கண்ணாடியில் விழாமல் தடுக்க. டிராக்கில் மட்டும் தெறிக்காதா என்றால், தெறிக்கும். இந்தக் காரின் கும்ஹோ டயர் மென்மையானது. சூடேறினால் தரையில் கிடக்கும் ரப்பர்த் துணுக்குகளை ஒட்டி எடுத்து வீசும். கண்ணாடியில் கருப்புத் தீற்றல் விழும். அங்கே யாரும் அதைப் பெரிதுபண்ணுவதில்லை.

லூவரை மட்டும் எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விடுவது எனக்குச் சம்மதமில்லை. மூக்கு அழுந்தி வால் லேசாக இருந்தால், வேகமான வளைவில் பின்பக்கம் வழுக்கிச் சுழன்றுவிடும். முன்னும் பின்னும் சமன்செய்யத்தான் பின்னாலுள்ள பெரிய இறக்கையின் கோணத்தை மாற்றிக்கொள்ளலாம்; முன் தாடையில் நீட்டிப்புத் தகடும் மாட்டலாம். எல்லாம் சேர்ந்து மணிக்கு 285 கிலோமீட்டர் வேகத்தில் ஏறத்தாழ 900 கிலோ எடைக்குச் சமமாகக் காரைத் தரையோடு அமுக்கும். இதற்கு விலை உண்டு. சாதாரண வைப்பர் 330 வரை போகும். ஏசிஆர் அந்த 285-ஓடு சரி. 8.4 லிட்டர், 645 குதிரைத்திறன் எஞ்சின் இருந்தும் காற்று விடாது.

இதைப் பார்த்துத் தங்கள் காரிலும் பானெட்டை வெட்டுகிறவர்கள் உண்டு. அவர்களில் பலர் முன்கண்ணாடிக்கு அருகே வெட்டுவதைப் பார்த்தால் எனக்குக் கை பதறும். கண்ணாடியில் மோதும் காற்று அங்கே தேங்கி, அழுத்தம் கூடியிருக்கும். ஓட்டை போட்டால் சூடு வெளியேறாது, வெளிக்காற்றுதான் உள்ளே புகும். பயணிகளுக்கான காற்றைப் பல கார்கள் அந்த இடத்திலிருந்து எடுப்பதும் இதனால்தான். வெட்டுமுன் நூல் துண்டுகளை ஒட்டி ஓட்டிப் பார்த்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்றாவது தெரியும். வெட்டுவதாக இருந்தால் ரேடியேட்டரை ஒட்டிய முன்பகுதியில் வெட்டுவது நல்லது.

வைப்பரில் லூவரைக் கழற்றுவது சின்ன வேலை. எஞ்சின் ஆறட்டும், மொத்த முன்பக்கமும் ஒரே மூடியாக மூக்குப் பக்கம் சாய்ந்து திறக்கும். மூடி கார்பன் ஃபைபர் என்பதால், திரும்ப மாட்டும்போது போல்ட்டை வெறிகொண்டு முறுக்கக் கூடாது.

வேகம் பாதியானால் காற்றின் அமுக்கம் கால்பங்காகும். கணக்குப் போட்டால், ஊருக்குள் 60-ல் போகும்போது அந்த 900 கிலோ வெறும் 40 ஆகிவிடும். அதில் லூவரின் பங்கு எம்மாத்திரம்? பக்கத்து வீட்டுக்காரரிடம் இதையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். கோடை முழுக்க லூவர் இல்லாமலேதான் காய்கறி வாங்கப் போய்வருகிறார். திறந்திருந்தால் டயர் தெரிகிறதாம், பார்க்க நன்றாக இருக்கிறதாம்.