யார் சொல்லிக் கொடுத்தது?

தோழர்களே, பொய்ச்செய்தி என்றதும் கைப்பேசியில் சுற்றும் போலிப் படங்கள்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அரசு பரப்பும் பொய்க்கு அவ்வளவு வேலைப்பாடு தேவையில்லை. போராடுகிறவர்களின் கேள்விக்கு அது பதில் சொல்வதே இல்லை. அந்தக் கேள்வி அவர்களுடையது அல்ல, வெளியாள் ஒருவன் சொல்லிக் கொடுத்தது என்று ஊரை நம்ப வைக்கிறது.

நம் மாவட்ட எல்லையைத் தாண்டினால் கூடங்குளம். புகுஷிமா விபத்து நடந்த 2011இல் இடிந்தகரை மீனவப் பெண்கள் கேட்டவை எளிய கேள்விகள். உலை வெடித்தால் எங்கே ஓடுவது? வெந்நீர் கடலில் கலந்தால் மீன் என்னாகும்? 2012 பிப்ரவரியில் பிரதமர் மன்மோகன் சிங் ‘சயின்ஸ்’ இதழுக்கு அளித்த பேட்டியில், எதிர்ப்புக்குப் பின்னால் பெரும்பாலும் அமெரிக்காவைச் சேர்ந்த தொண்டு நிறுவனங்கள் இருப்பதாகச் சொன்னார். அதே மாதம் நம் நாகர்கோவிலில், வாடகை குறைந்த விடுதி ஒன்றில் தங்கியிருந்த ஜெர்மானியப் பயணி ஒருவரைப் பிடித்து விமானம் ஏற்றி அனுப்பினார்கள். தொண்டு நிறுவனங்களின் வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டன. பேராதாரம் கேட்டுச் சுப. உதயகுமார் பிரதமருக்கே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

இது வேலை செய்யும் விதத்தைக் கவனிக்க வேண்டும். மேலிடத்திலிருந்து ஒரு சந்தேகம் வருகிறது. அதன் பேரில் சோதனை நடக்கிறது. சோதனை செய்தியாகிறது. ‘ஒன்றுமில்லாமலா சோதனை போடுவார்கள்?’ என்று டீக்கடையில் நம்மவரே கேட்கிறார். விசாரணையின் முடிவை அதன் பிறகு யாரும் தேடுவதில்லை. ஆனால் சந்தேகம் மட்டும் தங்கிவிடுகிறது.

அந்நியப் பணம் என்று கூவியவர்கள் ஒன்றை மறந்தார்கள். அந்த உலையே 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் போட்ட ஒப்பந்தத்தில் பிறந்தது; ரஷ்யக் கடனில் எழுந்தது. அந்த ரஷ்யாவும் 2012 ஜூலையில் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டு நிதி பெற்று அரசியல் பேசும் அமைப்புகள் தம்மை ‘அந்நிய முகவர்’ என்று பதிந்துகொள்ள வேண்டும். அங்கே சர்வாதிகாரம் சட்டம் போட்டுக் குத்திய முத்திரையை, வாக்குப்பெட்டி உள்ள இங்கே ஒரு பேட்டி குத்திவிட்டது.

நமக்கு இது புதிதல்ல. வயலில் கூலி கூட்டிக் கேட்ட நாளில், ‘ஏலே, ஒனக்கு இத ஆரு சொல்லித் தந்தா?’ என்றுதானே வரப்பிலிருந்து முதல் கேள்வி வந்தது? 1981 பிப்ரவரியில் தென்காசி அருகே மீனாட்சிபுரத்துத் தலித் குடும்பங்கள் இஸ்லாத்தில் சேர்ந்தபோது, அரபு நாட்டுப் பணம் பாய்ந்தது என்று நாடெங்கும் பேசினார்கள். நேரில் போய்க் கேட்டவர்களிடம் மக்கள் சொன்னது தீண்டாமையையும் காவல்துறைத் தொல்லையையும். சேரிக்காரன் தானாக யோசித்து ஒரு முடிவெடுப்பான் என்பதை ஒப்புக்கொள்ள முடியாத சாதி மனம்தான், அந்த வதந்தியை அவ்வளவு சுலபமாக நம்பியது. அரசு புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

கூடங்குளம் காவல் நிலையத்தில் ஆயிரக்கணக்கானோர் மீது தேசத்துரோக வழக்குப் பதிவானது. 2013 மே 6இல் உலையை இயக்க அனுமதித்த உச்ச நீதிமன்றமே, போராடியவர்கள் மீதான வழக்குகளைத் திரும்பப் பெற முயலச் சொன்னது. அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில், வெளிநாட்டு வேலைக்குப் போக நினைத்த இடிந்தகரை இளைஞர்களுக்கு அந்த வழக்குகளால் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை.