சமயப் படிப்பா? பட்டம் தருவது யார் என்று முதலில் கேளுங்கள்

இறையியலோ சமயவியலோ படிக்கப் பெங்களூருக்கு வரும் நம் பிள்ளைகள், வேலைக்கு விண்ணப்பிக்கும் அன்றுதான் ‘இந்தப் பட்டம் செல்லாது’ என்று தெரிந்துகொள்கிறார்கள். இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் கொடுத்த நிறுவனம் ஆகியவை மட்டுமே பட்டம் தரலாம் என்கிறது 1956-ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) சட்டம், 22-ஆம் பிரிவு. டிரஸ்ட் பதிவு, ஐ.எஸ்.ஓ. முத்திரை, வெளிநாட்டுச் சபையின் அங்கீகாரம் எல்லாம் ஊழியத்துக்கு உதவலாம். அரசு வேலைக்கு உதவாது. குண்டூரின் ‘கிறைஸ்ட் நியூ டெஸ்டமென்ட் டீம்டு யூனிவர்சிட்டி’, விசாகப்பட்டினத்தின் ‘பைபிள் ஓப்பன் யூனிவர்சிட்டி ஆஃப் இந்தியா’ இரண்டையும் யு.ஜி.சி.யே போலிப் பட்டியலில் வெளியிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தை மீறினால் அபராதம் அதிகபட்சம் 1,000 ரூபாய். பட்டியல் போட்டதோடு கடமை முடிந்தது என்று அதிகாரிகள் இருந்தால் யார் பயப்படுவார்கள்?

செல்லுபடியாகும் பட்டம் இருந்தால் வேலைக்கு வழி உண்டு. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் ‘ஒப்பீட்டுச் சமயவியல்’ தனிப் பாடம். முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. ராணுவத்தில் சமய ஆசிரியராகலாம். அதற்கு ஏதாவதொரு பட்டத்தோடு அந்தந்தச் சமயத்தின் தகுதியும் கேட்பார்கள். பாதிரியார் பணிக்குக் குருப்பட்டமும் பிஷப்பின் பட்டியலில் பெயரும் வேண்டும்.

ஆகவே பணம் கட்டும் முன், பட்டச் சான்றிதழின் மாதிரியைக் கேட்டு, உச்சியில் இருக்கும் பெயரைப் படியுங்கள். அது கல்லூரியின் பெயராக இருந்தால் நின்றுவிடுங்கள். சந்தேகமென்றால் 10 ரூபாய் கட்டணத்தில் யு.ஜி.சி.யின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஆர்.டி.ஐ. மனு போடுங்கள். ‘செல்லுமா?’ என்று கேட்காதீர்கள், கருத்துச் சொல்ல மாட்டார்கள். ‘இந்த நிறுவனத்துக்குப் பட்டம் வழங்க அனுமதித்த ஆணையின் நகல் தருக’ என்று எழுதுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வாய்ப்பேச்சை நம்பாதீர்கள், எழுத்தில் வாங்குங்கள்.

ஏமாந்துவிட்டீர்களா? சேர்க்கைக் கையேடு, கட்டண ரசீது, அவர்கள் அனுப்பிய வாட்ஸப் செய்தி, எதையும் அழிக்காதீர்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. இல்லாத அங்கீகாரத்தை இருப்பதாகச் சொல்லி மாணவர்களைச் சேர்த்த ஒரு பல் மருத்துவக் கல்லூரி நஷ்டஈடு தர வேண்டும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. காவல் நிலையத்தில் பாரதிய நியாய சம்ஹிதா 318-ஆம் பிரிவின் கீழ் மோசடிப் புகாரும் கொடுக்கலாம்.

2 ஆண்டு என்பதை மறந்துவிடாதீர்கள். ரசீது தராத இடத்தில் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.