எம்.சி.பி. காப்பது கம்பியை, ஆர்.சி.சி.பி. காப்பது ஆளை

மீட்டரைத் தாண்டி வீட்டுக்குள் வரும் மின்சாரம் அறை அறையாகப் பிரியும் இடம் டி.பி. பாக்ஸ் எனப்படும் மின்பகிர்வுப் பெட்டி. முன்பு அங்கே காப்பு வேலையைச் செய்தவை பீங்கான் ஃபியூஸ் கட்டைகள். ஃபியூஸ் போனால் கைக்குக் கிடைத்த கம்பியைச் சுற்றிவிடுவார்கள். அத்துடன் ஃபியூஸின் பயனும் போய்விடும்.

இன்றைய பெட்டியில் வரிசையாக நிற்பவை எம்.சி.பி.க்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. சுமை கூடினால் ஈருலோகப் பட்டை ஒன்று சூடாகி, மெல்ல வளைந்து இணைப்பைத் துண்டிக்கும். ஷார்ட் சர்க்யூட் ஆனால் காந்தச் சுருள் நொடியின் சிறு பகுதிக்குள் துண்டிக்கும். இந்தச் சுருள், எம்.சி.பி.யில் குறித்த ஆம்பியரைப் போல ‘பி’ வகையில் 3 முதல் 5 மடங்கு மின்னோட்டத்திலும், ‘சி’ வகையில் 5 முதல் 10 மடங்கிலும் செயல்படும். மோட்டார்கள் கிளம்பும்போது அதிக மின்சாரம் இழுப்பதால் ஏ.சி.க்கும் தண்ணீர் மோட்டாருக்கும் ‘சி’ வகைதான் சரி.

எம்.சி.பி.யின் ஆம்பியரைத் தீர்மானிக்க வேண்டியது சுவருக்குள் ஓடும் கம்பி; அதில் மாட்டும் சாதனம் அல்ல. விளக்கு, மின்விசிறிக்கான 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பிக்கு 6 அல்லது 10 ஆம்பியர், பவர் பிளக்குக்கான 2.5 சதுர மி.மீ. கம்பிக்கு 16 ஆம்பியர் என்பது வழக்கமான பொருத்தம். அடிக்கடி டிரிப் ஆகிறதென்று 16-ஐக் கழற்றி 32 மாட்டுவது தீ விபத்துக்கு வழி. எம்.சி.பி. பேசாமல் இருக்க, கம்பி வெந்துகொண்டிருக்கும்.

மனித உயிருக்கு ஆபத்தான மின்னோட்டம் இதையெல்லாம்விட மிகச் சிறியது. ஒருவர் உடல் வழியே 100 மில்லி ஆம்பியர் பாய்ந்தாலும் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு அது தெரியாது. அதைக் கவனிப்பது ஆர்.சி.சி.பி. ஃபேஸில் போவதும் நியூட்ரலில் திரும்புவதும் சமமாக இருக்கின்றனவா என்பதுதான் அதன் ஒரே கணக்கு. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டினால் 0.3 நொடிக்குள் துண்டித்தாக வேண்டும். வீட்டுக்கு வாங்க வேண்டியது இந்த 30 மில்லி ஆம்பியர் வகையே. 100, 300 என்று எழுதியவை ஆளைக் காக்கப் போதாது. ஃபேஸையும் நியூட்ரலையும் ஒருசேரத் தொட்டவரை எதுவுமே காப்பாற்றாது. எர்த் சரியாக இருந்தால், கீசரில் மின்கசிவு தொடங்கியதுமே ஆர்.சி.சி.பி. விழும். எர்த் இல்லாவிட்டால், யாராவது தொடும்வரை காத்திருக்கும்.

இன்வெர்ட்டர் வைத்த வீடுகளில் காரணமின்றி ஆர்.சி.சி.பி. விழுந்தால், பெரும்பாலும் இன்வெர்ட்டர் வழி, நேர் மின்வழி இரண்டின் நியூட்ரலும் கலந்திருக்கும். அதைப் பிரிக்கச் சோம்பி ஆர்.சி.சி.பி.யையே பைபாஸ் செய்துவிடுவது மன்னிக்க முடியாத வேலை. மும்முனை இணைப்பில் பொது நியூட்ரல் அறுந்தால் ஆபத்து வேறு விதம்: 230 வோல்ட் வர வேண்டிய முனை ஒன்றில் 400 வோல்ட் வரை ஏறி, டி.வி.யும் ஃபிரிட்ஜும் கருகும். ஓவர்வோல்டேஜ் காப்பு தனியாகத் தேவைப்படுவது இதனால்தான்.

பராமரிப்பில் அதிகம் மறக்கப்படுவது திருகுகள். தளர்ந்த இணைப்பு சூடேறுவதை எம்.சி.பி.யும் அறியாது, ஆர்.சி.சி.பி.யும் அறியாது. பிளாஸ்டிக் பழுப்பேறுவதும், கருகல் வாடையும், ‘உஸ்’ என்ற சத்தமும்தான் அறிகுறிகள். ஆண்டுக்கொரு முறை உரிமம் பெற்ற மின்பணியாளர், மெயினை அணைத்து எல்லாத் திருகுகளையும் இறுக்க வேண்டும். பெட்டிக்குள் புகுந்த எறும்பையும் பல்லியையும் அப்போதே அகற்றி, ஓட்டைகளை அடைத்துவிடலாம். ஆர்.சி.சி.பி.யின் ‘டெஸ்ட்’ பொத்தானை மாதம் ஒருமுறை வீட்டுக்காரரே அழுத்திப் பார்க்கலாம். அழுத்தியும் விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும்.